பன்னீர்ச் செம்பும் இங்கிலாந்துத் தூதரும்

எங்கள் வீட்டுப் பன்னீர்ச் செம்பின் தலையில் ஒன்பது துளைகள் உண்டு. அவற்றில் அநேகமாக எல்லாமே அடைத்துக்கொண்டிருந்தன. என் கல்யாணத்துக்கு அம்மா மதுரையில் வாங்கித் தந்த வெள்ளிச் செம்பு அது. நீளக் கழுத்து, குண்டு வயிறு, அடியில் என் பெயரின் முதலெழுத்து. அமெரிக்கா வந்தபோது பெட்டியில் சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்து, நியூ ஜெர்சி வீட்டு அலமாரியின் மேல்தட்டில் வைத்ததோடு சரி. சரஸ்வதி பூஜைக்கு ஒரு தரம் துடைப்பேன், பன்னீர் ஊற்றியதே இல்லை. உபசாரம், சடங்கு, மரியாதை இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. அப்படிச் சொல்வதில் ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன். இப்போது அந்தச் செம்பு டெக்சாஸில், காப்பெலில், என் மருமகனின் அம்மா வீட்டில் இருக்கிறது. சம்பந்தியம்மா என்றுதான் அவரை நான் கூப்பிடுவேன். இந்த வசந்தத்தில் அங்கே போய்விட்டு வந்ததிலிருந்து, அவரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவரைப் பற்றி எழுத வேண்டுமானால் முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுக் கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். வேலை செய்ய அனுமதி கிடைக்கவே பல வருடம் ஆயிற்று. கிடைத்ததும், நியூ ஜெர்சியில் எங்கள் வெஸ்ட் வின்ட்சர் வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரத்தில் போகிற ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்தேன். இந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி எழுதிய கடிதங்கள், அவருக்கு வந்த கடிதங்கள், அவரைப் பற்றி மற்றவர்கள் புலம்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் தொகுத்துப் பதிப்பிக்கிற இடம். அங்கே ஒரு வேலைமுறை உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் பழைய கையெழுத்தின் படத்தைப் பார்த்து உரக்க வாசிப்பார், மற்றவர் தட்டச்சுப் படியில் விரலை வைத்துத் தொடர்வார். சொற்களை மட்டுமல்ல, காற்புள்ளி, முற்றுப்புள்ளி, பெரிய எழுத்து, அடித்துவிட்டு மேலே எழுதிய சொல், மைக்கறை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் வாசிப்பவள். எதிரே எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர், அறுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்மணி. இப்படி வாசித்து வாசித்து, வீட்டிலும் பட்டியல் சொல்லும்போது 'உப்பு காற்புள்ளி புளி காற்புள்ளி' என்று வந்துவிடும். என் வீட்டுக்காரர் கடைக்குப் போகும்போது காற்புள்ளி எத்தனை பவுண்டு வேண்டும் என்று கேட்பார்.

ஏழு வருடத்துக்கு முன்பு, என் மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கிய சமயத்தில், நாங்கள் வாசித்துக்கொண்டிருந்தது ஒரு விருந்துச் சண்டையைப் பற்றிய கடிதக் கட்டு. அந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. இருநூறு வருடத்துக்கு முந்தைய சமாசாரம். நாடு புதிது, தலைநகரம் அதைவிடப் புதிது, தெருவெல்லாம் சேறு. இங்கிலாந்திலிருந்து ஒரு தூதர் வந்து இறங்குகிறார். தங்கச் சரிகை வைத்த கோட்டு, இடுப்பில் வாள், முழு அலங்காரத்தோடு ஜனாதிபதியைப் பார்க்கப் போகிறார். வரவேற்புக் கூடத்தில் ஆளைக் காணோம். ஒரு குறுகலான நடையில் ஜனாதிபதியே எதிரே வந்து நிற்கிறார், பழைய கோட்டும் குதி தேய்ந்த வீட்டுச் செருப்புமாக. தூதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்குப் பிறகு விருந்து. ஐரோப்பிய வழக்கப்படி, வந்திருக்கும் தூதரின் மனைவியை ஜனாதிபதி கைபிடித்து மேசைக்கு அழைத்துப் போக வேண்டும். இவரோ பக்கத்தில் நின்ற வெளியுறவு அமைச்சரின் மனைவியைக் கைபிடித்துக்கொண்டு நடந்துவிட்டார். மற்றவர்கள் அவரவர் பாட்டுக்கு இடம் பிடித்தார்கள். தூதரும் மனைவியும் அல்லாடிவிட்டார்கள்.

அது மறதியில்லை, கொள்கை. ராஜாவை வேண்டாம் என்று சொல்லிப் பிறந்த நாடு. இங்கே யாருக்கும் முன் வரிசை, பின் வரிசை கிடையாது, கதவுக்கு அருகில் நிற்பவர் முதலில் போகலாம். ஜனாதிபதி இதையே விதிகளாக எழுதியும் வைத்தார். விருந்துக்கு வந்துவிட்டால் உள்நாட்டுக்காரர், வெளிநாட்டுக்காரர், பதவியில் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் சமம் என்பது அதன் சாரம். தூதர் லண்டனுக்குப் பக்கம் பக்கமாக முறையிட்டார். அப்புறம் அந்த மேசைப்பக்கமே போகவில்லை. கொஞ்ச காலத்தில், இந்த நாட்டை இரண்டாகப் பிளக்கலாம் என்று வந்து கிசுகிசுத்தவர்களுக்கும் காது கொடுத்தார். நான் முழுக்க ஜனாதிபதி கட்சி. தூதரின் முறையீட்டை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு நாற்காலிக்காக இவ்வளவா என்று பதிப்பாசிரியரிடம் கேட்பேன். அவர் அடுத்த காற்புள்ளி எங்கே என்று கேட்பார்.

அந்த மயக்கத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். நிச்சயதார்த்தம் எங்கள் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் காப்பெலிலிருந்து பதினோரு பேர் வருவதாக ஏற்பாடு. பையனின் அப்பா இல்லை. பையன் பத்தாவது படிக்கும்போதே தவறிவிட்டார். அவரோடு அவர் பெயரில் இருந்த க்ரீன் கார்டு மனுவும் போயிற்று. அந்த அம்மாள் மறுபடி படித்து, ஒரு மருத்துவமனை லேபில் ரத்தப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்து, இரண்டு பையன்களையும் ஆளாக்கியிருந்தார். ஈரோட்டுப் பக்கத்து மனுஷி. அளந்து பேசுவார், சொல்லுக்குச் சொல் 'ங்க' போடுவார். போனில் இரண்டு மூன்று தரம் பேசியிருந்தேன், எனக்குப் பிடித்துப் போயிருந்தது. இப்படிப்பட்டவருக்கு என் குடியரசுக் கொள்கை நிச்சயம் பிடிக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரு வீட்டாரும் இருந்த வாட்ஸப் குழுவில், எங்கள் வீட்டில் சம்பந்தி மரியாதை, எதிர்கொண்டு அழைப்பது, முதல் பந்தி எதுவும் கிடையாது, கதவருகே நிற்பவர் முதலில் வரலாம், முதலில் வருபவர் முதலில் உட்காரலாம் என்று சட்டமே போட்டேன். ஜனாதிபதியின் செருப்புக் கதையையும் சேர்த்து எழுதினேன். எல்லோரும் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவர் மட்டும் 'சரிங்க' என்று எழுதியிருந்தார்.

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மே மாதம், வாசலில் செர்ரி மரம் பூவெல்லாம் உதிர்த்து முடித்திருந்தது. மணி அடித்ததும் கையில் கரண்டியோடு, காலில் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். ஜனாதிபதி மாதிரியே வந்துவிட்டேன் பாருங்கள் என்று சிரித்தேன். படியில் எல்லோருக்கும் முன்னால் அவர் நின்றார். மயில்கழுத்து நிறத்தில் பட்டு. தலையில் ஒரு முழம் மல்லிகை. டல்லாஸில் இந்தியக் கடையில் வாங்கி, ஈரத் துணியில் சுற்றி, விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது என்று பிறகு தெரிந்தது. கையில் தாம்பூலத் தட்டு. என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்ப்பவர் போல அவர் ஒரு நிமிடம் நின்றார். நான் கரண்டியை ஆட்டி, வாங்க வாங்க, இங்கே முறையெல்லாம் இல்லை என்றேன். பின்னால் நின்ற சின்னப் பையன்கள் இரண்டு பேர் அவரை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அவர் ஒதுங்கி வழிவிட்டு, கடைசியில்தான் உள்ளே வந்தார்.

அதோடு விட்டேனா? சாப்பாட்டு நேரத்தில், பக்கத்தில் நின்ற எங்கள் பதிப்பாசிரியரின் கையைக் கோத்துக்கொண்டு மேசைக்கு நடந்தேன். கதை தெரிந்தவர்கள் கைதட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சம்பந்தியம்மாவைக் காணோமே என்று தேடினால், சமையலறையில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தார். உப்பு குறையுதுங்க, நான் பார்த்துக்கறேன் என்றார். நான் கூடத்துக்குத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாருங்க, சம்பந்தியே சமையக்கட்டுல நிக்கறாங்க. இதுதான் நிஜமான குடியரசு" என்று சொன்னேன். எனக்கு இன்றைக்கும் கூசுகிற வாக்கியம் அது. மோதிரம் மாற்றிக்கொண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் போன பிறகு குளியலறைக் குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்போது, காகிதத் துண்டுகளுக்கு அடியில் அந்த ஒரு முழம் மல்லிகை வாடாமல் கிடந்தது. தலையிலிருந்து நழுவியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பையைக் கட்டி வெளியே வைத்தேன்.

அடுத்த வாரம் என் மகள் வந்து நின்றாள். இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். மாப்பிள்ளையின் அம்மா, கல்யாணத்தை நீங்களே நடத்திக்கொள்ளுங்கள், நான் வந்து பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று பையன் சொல்கிறானாம். மண்டபத்துக்குப் பேசியிருந்ததை நிறுத்தி வைத்திருந்தார்கள். என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. என்னதான் கோபமாம் அந்த அம்மாளுக்கு, நான் அவ்வளவு நல்லெண்ணத்தோடு செய்தேனே என்று நான் ஆரம்பித்ததும், "இட் வாஸ் நாட் அபவுட் யூ, அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்தது கோபம்தான், உள்ளதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீடு என்ற கெத்து, எத்தனை வருடம் அமெரிக்காவில் இருந்தாலும் போகாது என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்தா கெத்துக் காட்டற ஆள் மாதிரியா இருக்கு என்று கேட்டார். நான் கேட்கிற நிலையில் இல்லை. தூதர் லண்டனுக்கு எழுதின மாதிரி நானும் சம்பந்தியம்மாவுக்கு ஒரு நீளக் கடிதம் எழுதி அனுப்பினேன். மூன்றாவது ஜனாதிபதியில் தொடங்கி, ராஜ்ஜியம், குடியரசு, சமத்துவம் என்று ஒரு வியாசமே எழுதிவிட்டேன். மன்னிப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. மறுநாள் பதில் வந்தது. "படிச்சேனுங்க. நல்லா எழுதியிருக்கீங்க." அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

எனக்கு உறைத்தது வேலைக்கு நடுவில். அந்த விருந்தைப் பற்றிய கட்டின் கடைசிக் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தோம். ஜனாதிபதி, வெளியுறவு அமைச்சரின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த இடம். அவர் ஏன் அடிக்கடி அந்த அம்மையாரையே வீட்டுக்காரி மாதிரி நிறுத்தினார் என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டும் என்று பதிப்பாசிரியர் சொன்னார். ஜனாதிபதியின் மனைவி இறந்து அப்போது இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது என்று ஒரு வரி போட்டால் போதும் என்றார். எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்கு அதை வாய்விட்டு வாசித்தபோது பாதியில் நின்றுவிட்டேன். மனைவி இல்லாத மனிதர். நாட்டின் முதல் மேசையில் தலைமை இடத்தில் உட்காருகிறார், யார் யாருக்கு முன்னால் நடக்கலாம் என்று சட்டம் எழுதுகிறார். நீ பின்னால் போய் நில், நல்ல காரியத்தில் முகம் காட்டாதே என்று அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் குப்பைத் தொட்டியில் கிடந்த மல்லிகை எனக்கு ஞாபகம் வந்தது. அது நழுவி விழுந்த பூ இல்லை. பதிப்பாசிரியர் தட்டச்சுப் படியில் விரலை வைத்தபடியே என்னைப் பார்த்தார். முற்றுப்புள்ளியா என்று கேட்டார்.

இதற்கு மேல் கடிதம் எழுதிப் பிரயோசனம் இல்லை. அந்த வார முடிவிலேயே டல்லாஸுக்கு விமானம் ஏறினேன், ஒருத்தருக்கும் சொல்லாமல். கார் எடுத்துக்கொண்டு, டோல்வே சுங்கச் சாலையில் வழி தவறி, பிளானோ வரைக்கும் போய்த் திரும்பி, காப்பெலில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது பிற்பகல். அவர் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் ஆச்சரியம் காட்டவில்லை. வாங்க, தண்ணி குடிங்க என்றார். அவர் வீட்டில் காலில் செருப்பில்லாமல் நின்றேன். மல்லிகையை நான் பார்த்தேன், குப்பையோடு பையில் கட்டி வெளியே வைத்தது நான்தான், அப்போது எனக்குப் புரியவில்லை என்று சொன்னேன்.

அவர் நிதானமாகப் பேசினார். இந்த ஊரில் வளைகாப்பு, கிரகப்பிரவேசம் என்று எத்தனையோ விசேஷம். எல்லா வீட்டுக்கும் கூப்பிடுவார்கள், மரியாதையாகத்தான் நடத்துவார்கள். குங்குமத் தட்டு மட்டும் அவர் இருக்கும் இடம் வரும்போது சட்டென்று திரும்பி வேறு பக்கம் போகும். ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. தட்டு திரும்புகிற அந்த நொடியைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் சமையலறைக்குப் போகப் பழகினார். சாம்பாரைப் பார்த்துக்கொள்கிறவர் என்று பெயர் ஆயிற்று. காப்பெல் முழுக்க அவர் உப்புப் பார்க்காத விசேஷம் இல்லை.

"எல்லாரும் சமம்னு நீங்க எழுதினதப் படிச்சப்ப எனக்கு ஒண்ணும் தப்பாத் தோணலைங்க," என்றார். "பதினாலு வருசமா எல்லாருக்கும் பின்னாடி நின்னவ நான். பையனுக்கு அம்மா, மாப்பிள்ளை வீடு, அன்னைக்கு ஒரு நாளாவது முன்னாடி நிக்கலாம், யாரும் தட்டைத் திருப்ப முடியாதுன்னு பூ வெச்சுக்கிட்டு வந்தேன். அன்னைக்குப் பார்த்து முன்னாடிங்கறதே கெடையாதுன்னுட்டீங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை. சமத்துவம் என்று நான் பீற்றிக்கொண்டது எவ்வளவு சுலபமான காரியம் என்று அங்கே புரிந்தது. நான் எந்த விசேஷத்துக்குப் போனாலும் என் நெற்றிக்கு யாராவது குங்குமம் நீட்டிக்கொண்டே இருந்தார்கள். கிடைத்துக்கொண்டே இருந்த ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன செலவு? ஜனாதிபதியின் விதியில் குற்றம் இருப்பதாக நான் இப்போதும் நினைக்கவில்லை. சரிகைக் கோட்டுத் தூதரின் மூக்கை உடைக்க அது சரியான விதி. ஆனால் அதை நான் கொண்டுபோய் நீட்டியது, பதினாலு வருடத்தில் முதல் தடவையாக வாசல்படியில் முன்னால் வந்து நின்ற ஒரு பெண்ணின் முகத்தில். கல்யாணத்தில் உங்களை நான் வாசலில் நின்று எதிர்கொண்டு அழைப்பேன், முதலில் உங்களைத்தான் என்று சொன்னேன். உங்க பக்கத்து ஆளுங்க ஒத்துக்குவாங்களா என்று கேட்டார். அது என் பாடு என்றேன். அவர் எழுந்துபோய் எனக்கு உப்புமா கிண்டினார். உப்பு சரியாக இருந்தது.

என் பாடு என்று சொல்லிவிட்டேனே தவிர, பாடாய்த்தான் போயிற்று. என் நாத்தனார் சென்னையிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்தார். நல்லவர்தான், என் மகள் மேல் உயிர். நியூ ஜெர்சி மண்டபத்து வாசலில் தட்டோடு நான் நிற்பதைப் பார்த்ததும் என்னை ஓரமாக அழைத்துப்போய், "மொதல்ல நம்ம சுமங்கலிங்க நாலு பேர் வரவேற்கட்டும். மாப்பிள்ளையோட அம்மா பின்னாடியே வந்துக்கட்டுமே. நம்ம பொண்ணு நல்லா இருக்கணும் இல்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் என்னை ஆட்டியது. பகுத்தறிவு பேசிப் பேசித் தழும்பேறிய வாய்தான், ஆனால் பெற்ற பெண்ணின் பேரைச் சொன்னதும் தட்டோடு ஓர் அடி பின்வாங்கினேன். நான் தயங்கிய அந்தச் சில விநாடிகளை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். அப்போது சம்பந்தியம்மா காரிலிருந்து இறங்கினார். அதே மயில்கழுத்துப் பட்டு. தலையில் பூ இல்லை. எதையும் எதிர்பார்க்காதவர் போலக் கூட்டத்தின் ஓரமாகவே நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்த பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நாத்தனாரின் கையை விலக்கிவிட்டு நேரே போனேன். எல்லோரையும் நிற்கச் சொல்லி, அவர் பெயரைச் சொல்லி வாங்க என்றேன். சந்தனம் கொடுத்தேன், நெற்றியில் குங்குமம் வைத்தேன். என் கையால் ஒரு முழம் மல்லிகையை அவர் தலையில் சூட்டினேன். பிறகு அம்மா கொடுத்த பன்னீர்ச் செம்பை எடுத்து அவர் தலைக்கு மேல் குலுக்கினேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. இத்தனை வருடம் சும்மா வைத்திருந்தால் எப்படி வரும்? மறுபடி குலுக்கினேன். இரண்டே சொட்டு என் புடவையில் விழுந்தது. மண்டபத்து வாசலில் நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, குடியரசுக்காரியின் செம்பு வேலைநிறுத்தம் செய்தது. அவர்தான் என் கையிலிருந்து வாங்கினார். மூடியைத் திருகித் திறந்து, உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, தன் தலையில் தடவிக்கொண்டார். மிச்சத்தை என் தலையிலும் தடவினார். போதுங்க, உள்ளே போலாம் என்றார். நாத்தனார் கல்யாணம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஊருக்குக் கிளம்பும்போதுதான், அந்தம்மா முகம் அன்னிக்கு நல்லாத்தான் இருந்தது என்று பொதுவாகச் சொன்னார். செம்பை நான் சம்பந்தியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொள்ளும் யோக்கியதை எனக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருடம் ஆகிறது. காலையில் நடந்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. கடைப் பட்டியலில் இப்போது காற்புள்ளி கேட்க ஆளில்லை. வேலைக்கு மட்டும் போகிறேன், வாசிக்கிறேன். அலுவலகத்தில் என்னை யாரும் வேறு மாதிரி பார்ப்பதில்லை. நம் ஆட்களின் விசேஷங்களில்தான் அந்த நொடியை நான் பார்த்தேன். ஒரு வளைகாப்பில், எனக்குப் பழக்கமான ஒரு பெண், தட்டோடு என் முன்னால் வந்து, நின்று, சிரித்து, பக்கத்து நாற்காலிக்குப் போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து, சமையலறை எங்கே என்று கேட்டேன்.

இந்த வசந்தத்தில் சம்பந்தியம்மாவின் இரண்டாவது மகனுக்குக் கல்யாணம், பிளானோவில். தங்கியிருந்த ஹோட்டலிலிருந்து மண்டபத்துக்கு மகளும் மருமகனும் என்னைக் கூடவே அழைத்துப்போகத்தான் பார்த்தார்கள். நீங்கள் போங்கள், நான் பின்னால் டிரைவ் பண்ணி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யாரும் சொல்லாமலே சாம்பல் நிறப் புடவையை எடுத்துக் கட்டியிருந்தேன். பெண் வீட்டாரை எதிர்கொண்டு அழைக்கிற நேரம் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, வேண்டுமென்றே தாமதமாகப் போய், முன்வாசல் பக்கம் போகாமல், சாப்பாட்டு டிரேக்களை இறக்குகிற பக்கவாட்டுக் கதவு வழியாக உள்ளே நுழைந்தேன். நான், அவ்வளவு வாய் கிழியப் பேசினவள். பெரிய அலுமினியப் பாத்திரத்தில் சாம்பார் ஆவி பறந்தது. பரிமாறுகிறவரிடம் கரண்டியை வாங்கி உப்புப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்துதான் இருந்தது.

பின்னால் பட்டுச் சேலை சரசரத்தது. சம்பந்தியம்மா நின்றுகொண்டிருந்தார், தலை நிறைய மல்லிகையோடு, கையில் என் அம்மா வாங்கித் தந்த செம்போடு. முன்வாசலில் பெண் வீட்டார் முழுக்க இருபது நிமிடமாகக் காத்துக்கொண்டிருந்தார்களாம். இன்னும் ஒருத்தர் வர வேண்டும், அவர் வராமல் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்று இவர் சொல்லிவிட்டாராம். முன்வாசலில் காணாதவளை எங்கே தேடுவது என்று அவருக்குத் தெரியாதா? என் கையிலிருந்து கரண்டியை வாங்கிப் பாத்திரத்தின் மேல் வைத்தார்.

"சாம்பாரை நான் பதினாலு வருசம் பார்த்தாச்சுங்க," என்றார். "இனி நம்ம வீட்டுல யாரும் அதைப் பார்க்க வேண்டியதில்லை. முன்னாடி வாங்க."

என் கையைக் கோத்துக்கொண்டு, மண்டபத்தின் நடுவே, எல்லோரும் பார்க்க நடத்திக்கொண்டு போனார். வாசலில் புதுச் சம்பந்திகளும், தட்டு ஏந்திய பெண்களும், என் மகளும் வழிவிட்டு நின்றார்கள். அவரே என் நெற்றியில் குங்குமம் வைத்தார். தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி என் தலையில் சொருகினார். நான் உள்ளுக்குள் பயந்துகொண்டே அந்தச் செம்பைப் பார்த்தேன். லேபில் ரத்தம் எடுக்கிற மெல்லிய ஊசி ஒன்றைக் கொண்டுவந்து, ஏழு வருடத்துக்கு முன்பே ஒவ்வொரு துளையாகக் குத்தி எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறார். அவர் செம்பை உயர்த்தி ஒரு தரம் லேசாகக் குலுக்கினார். ஒன்பது துளைகளிலிருந்தும் பன்னீர் வந்தது.